‘ஃபாண்ட்லி’ என்றால் அன்புடன் மட்டும்தானா?

ஆங்கிலம்–தமிழ் அகராதி தொகுப்பவர்களுக்கும், பாடநூல்களுக்கு அருஞ்சொற்பொருள் எழுதுபவர்களுக்கும் வணக்கம்.

‘ஃபாண்ட்லி’ என்ற வினையடைக்கு எதிரே ‘அன்புடன்’ என்று ஒற்றைச் சொல்லைப் போட்டு முடித்துவிடாதீர்கள். இதைக் கேட்கவே இந்த மடல்.

‘ரிமெம்பர்’, ‘ஸ்மைல்’, ‘ஸ்பீக்’ போன்ற வினைகளோடு வரும்போது அந்தப் பொருள் பொருந்தும். ‘ஷி ரிமெம்பர்ஸ் ஹிம் ஃபாண்ட்லி’ என்றால், அவரை வாஞ்சையோடு நினைத்துக்கொள்கிறாள். சிக்கல் ‘இமாஜின்’, ‘பிலீவ்’, ‘ஹோப்’ வரும்போதுதான். ‘ஹி ஃபாண்ட்லி இமாஜின்ட் ஹி வுட் பி ப்ரமோட்டட்’ என்பதை, ‘பதவி உயர்வு கிடைக்கும் என்று அன்புடன் கற்பனை செய்தான்’ என்று ஒரு மாணவர் எழுதினால் அவரைக் குறை சொல்ல முடியாது. அகராதி கொடுத்ததைத்தான் எழுதியிருக்கிறார். பதவி உயர்வு வந்துவிடும் என்று மனப்பால் குடித்தான் என்பதே அதன் பொருள். அன்புக்கு அங்கே வேலையே இல்லை.

இது பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்ட பொருளும் அல்ல. இடைக்கால ஆங்கிலத்தில் ‘ஃபாண்ட்’ என்றால் புத்தி கெட்ட என்றுதான் பொருள். பிள்ளைமேல் பைத்தியமாக இருக்கிறாள் என்று நாம் சொல்வதில்லையா, அந்த வழியில்தான் மதிமயக்கம் பாசமாக மாறியது. பார்வை இழந்ததைப் பற்றிய சானட்டில் (பதினான்கு வரிக் கவிதை) ஆங்கிலக் கவிஞர் மில்டன், ஒளியை மறுத்துவிட்டுப் பகல் வேலையைக் கடவுள் கேட்பாரா என்று ‘ஐ ஃபாண்ட்லி ஆஸ்க்’ என்கிறார். பேதைமையால் கேட்கிறேன் என்கிறார், அன்போடு அல்ல.

சொல் நிற்கும் இடமும் ஓரளவு துப்புக் கொடுக்கும். மனப்பால் பொருளில் அது பெரும்பாலும் வினைக்கு முன்னால் வரும். பாசப் பொருளில் பின்னால் வருவதே அதிகம். ஆனால் ‘ஃபாண்ட்லி ரிமெம்பர்ட்’ என முன்னால் வந்தாலும் பாசம்தான். ஆகவே முதலில் வினையைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் போதாத இடம் உண்டு. 1865 மார்ச்சில் அமெரிக்க அதிபராக இரண்டாம் முறை பதவியேற்றபோது லிங்கன், உள்நாட்டுப் போர் விரைவில் ஒழிய வேண்டும் என்று ‘ஃபாண்ட்லி டு வி ஹோப்’ என்றார். ‘ஹோப்’ இருந்தும் அது வெற்று நம்பிக்கை அல்ல, நெஞ்சார்ந்த வேண்டுதல்.

எனவே இரண்டு பொருளையும் தனித்தனி எண்ணிட்டு, துணைவரும் வினைகளோடு, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியமாவது கொடுங்கள். ‘ஐ ஆம் ஃபாண்ட்லி ஆஃப்’ என்பது பிழை, அங்கே ‘ஃபாண்ட்’ மட்டுமே வரும் என்று ஒரு வரியும் சேருங்கள்.

‘டியர்லி’க்கும் இதே கவனம் வேண்டும். ‘லவ்’வோடு வந்தால் உயிருக்குயிராக, ‘பே’, ‘காஸ்ட்’ ஆகியவற்றோடு வந்தால் பெரும் விலை கொடுத்து.