செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

தலைவர் அவர்களே, செயலவையினரே, ஆயர் ஈத்தாம் வட்டார உறுப்பினர்களே, வணக்கம்.

இவ்வாண்டு செயலவை ஆறு முறை கூடியது. அவற்றில் இரண்டு தேநீருக்காக மட்டுமே கூடியவையோ என்ற ஐயம் எனக்கு உண்டு. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

நம் நேரத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்டது, வீட்டில் பயன்படாமல் கிடக்கும் மருந்துகளைச் சேர்க்கும் மருந்துப் பெட்டிதான். ஏப்ரலில் கோலாலம்பூர் அருகே சன்வே பல்கலைக்கழகத்தில் கோள் நலம், அதாவது பூமியின் நலமும் மனிதர் நலமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்னும் கருத்து பற்றிய அனைத்துலக மாநாடு நடந்தது. அந்தச் செய்தியைப் படித்த உறுப்பினர் ஒருவர், "பூமியைக் காக்க நம் தாமானில் (குடியிருப்பில்) என்ன வேலை இருக்கிறது?" என்று கேட்டார். நம்மிடையே வசிக்கும் ஓய்வுபெற்ற குடும்ப மருத்துவர் அம்மையார், "ஐஸ்பெட்டி மேல் வைத்திருக்கும் மருந்துப் பையைக் கொண்டுவாருங்கள், சொல்கிறேன்" என்றார்.

மண்டபத்து மேசை நிறைந்துவிட்டது. ஒரு பாட்டியின் பையில் நீரிழிவுக்கான மெட்ஃபோர்மின் மாத்திரை மட்டும் இரண்டு வகை அட்டைகள். ஒன்று அரசு கிளினிக்கில் கொடுத்தது, மற்றது தனியார் கிளினிக்கில் வாங்கியது. பெயரும் பெட்டியும் வேறு, மருந்து ஒன்றே. இரண்டையும் விழுங்காமல் ஒன்றை ஒதுக்கி வைத்தாரே, அதுவே புண்ணியம்! பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் உலக வெளியேற்றத்தில் மருத்துவத் துறையின் பங்கு ஏறக்குறைய 4.4 விழுக்காடு என்றும், அதில் பெரும்பகுதி மருந்தும் பொருளும் செய்து கொண்டுவருவதில் எழுகிறது என்றும் அம்மையார் விளக்கினார். நோயாளியின் முழுக் கதையும் தெரிந்த ஒரே மருத்துவர் இருந்தால் அந்த இரண்டாவது அட்டைக்குத் தேவையே வந்திருக்காது.

அடுத்து, ஆஸ்துமாக்காரர்கள் மூச்சுத் திணறும்போது உடனடி நிவாரணத்துக்கு இழுக்கும் நீல இன்ஹேலர். அழுத்திப் பீய்ச்சும் வகையில் மருந்தைத் தள்ளும் வாயு, எடைக்கு எடை கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. இதைக் கேட்டதும் ஓர் ஐயா தம் இன்ஹேலரைக் குப்பைத் தொட்டியில் போடப் போனார். அம்மையார் எழுந்தே வந்து தடுத்தார். மருந்தை நிறுத்தக் கூடாது. நீல இன்ஹேலர் அடிக்கடி தேவைப்பட்டால் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்று பொருள், மருத்துவரைப் பாருங்கள் என்றார். திணறல் வராமல் தடுக்க அன்றாடம் இழுக்கும் மருந்தை ஒழுங்காக எடுத்தால் மூச்சும் சீராகும், வாயுவும் குறையும். வாயு இல்லாமல் மருந்துத் தூளை இழுக்கும் இன்ஹேலர் வகைக்கு மாற முடியுமா என்பதையும் மருத்துவரே சொல்ல வேண்டும்; பலமாக இழுக்க முடியாத சிறு பிள்ளைகளுக்கு அது ஒத்துவராது.

சேர்ந்த மருந்துகளை அரசு மருந்துக் கவுண்டரில் ஒப்படைத்தோம். முதல் நாள் "நேரம் முடிந்துவிட்டது" என்று திருப்பி அனுப்பினார்கள். வெயிலில் மூட்டையோடு நடந்தவன் அடியேன். மறுநாள் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார்கள். கழிவறையில் கொட்டினால் சுத்திகரிப்பு நிலையமும் மருந்தை முழுதாக நீக்காது, மிச்சம் ஆற்றுக்குத்தான் போகும்.

தைப்பூசத்தில் நம் தண்ணீர் பந்தலில் பிளாஸ்டிக் கோப்பைகளை விட்டு எவர்சில்வர் குவளை வைத்தோம். கழுவ ஆளில்லை, நள்ளிரவுக்குள் பழைய கோப்பைகள் திரும்பிவிட்டன. இரதத்துக்கு உடைத்த தேங்காய்களின் ஓடுகளை மட்டும் இளைஞர் பிரிவினர் மறுநாளே அள்ளிவிட்டார்கள். ஓட்டில் மழைநீர் தேங்கினால் ஒரு வாரம் பத்து நாளில் டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பறக்கத் தொடங்கும். டிங்கியில் படுத்து எழுந்தவர்கள் நம்மில் உண்டு, விளக்கத் தேவையில்லை.

மரக்கன்று நடுவிழா மழையால் நடக்கவில்லை.

மருந்துப் பெட்டியை மண்டபத்தில் நிரந்தரமாக வைப்பதா, பூட்டு யார் பொறுப்பு என்பது இன்றைய கூட்டத்தின் முடிவுக்கு விடப்படுகிறது. சாவி இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது.

செயலாளர்