அந்தக் குழந்தை பதில் சொல்லாத நேரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் சினிமாப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பழைய படங்கள் ரொம்ப மெதுவாக நகர்கின்றன, அவற்றை வீட்டில் உட்கார்ந்து பார்க்க இன்றைய பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்காது என்று அதில் முடித்திருந்தார்கள். நான் மூன்று வருடமாக வாரத்துக்கு இரண்டு படம் வீட்டிலேயே பார்க்கிறேன். ஒன்று பழசு, ஒன்று புதுசு என்று கணக்கு. பல நாள் என் மகளும் கூட உட்காருவாள். எனக்குப் புரிந்த வரையில் அந்தப் படங்கள்மேல் குற்றமில்லை. வீட்டில் நாம் அவற்றைப் போட்டுப் பார்க்கிற விதத்தில்தான் கோளாறு.

எல்லாப் பழைய படமும் மெதுவாக நகரும் என்பதே தப்பு. 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' எப்படித் தொடங்குகிறது? துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி கணேசன் குண்டடிபட்டு விழுந்து சாகிறார். கதாநாயகன் செத்த பிறகுதான் கதையே ஆரம்பம். ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. ஆளுக்கொரு விதமாக அவரைப் பற்றிச் சொல்லச் சொல்ல, இவர் யார் என்ற கேள்வி நம்மைப் பிடித்து உட்காரவைக்கிறது. இந்தப் படத்தைப் பார்த்த இரவு என் மகள் கைப்பேசியைத் தொடவே இல்லை. போன மாதம் வெளியான மூன்று மணி நேரப் படத்துக்கு நடுவில் அவள் நாலு முறை எழுந்து போனாள்.

சரி, உண்மையிலேயே நிதானமாக நகரும் படங்களுக்கு வருகிறேன். ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி', 1953-இல் வந்தது. வயதான அப்பாவும் அம்மாவும் டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். மகனுக்கும் மகளுக்கும் அவர்களோடு உட்கார்ந்து பேச நேரமில்லை. போரில் போய்விட்ட இன்னொரு மகனின் மனைவிதான் லீவு போட்டுவிட்டு அவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். கதை அவ்வளவுதான். முதல் முறை என் மகள் இதைத் தன் அறையில் தனியாகப் பார்த்தாள், ஒன்றரை மடங்கு வேகத்தில். "நல்லாத்தான் இருக்கும்மா, ஆனா ஒண்ணுமே நடக்கல" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே ஒரு காட்சியை மட்டும் சரியான வேகத்தில் போட்டுக் காட்டினேன்.

பாட்டி சின்னப் பேரனை வெளியே மேட்டுக்கு அழைத்துப் போகிறாள். நீ பெரியவனாகி என்னவாகப் போகிறாய், அப்பா மாதிரி டாக்டரா என்று கேட்கிறாள். நீ டாக்டராகும்போது நான் இருப்பேனோ என்னவோ என்கிறாள். பேரன் பதிலே சொல்வதில்லை. அவன்பாட்டுக்குக் குனிந்து விளையாடிக்கொண்டிருக்கிறான். பாட்டி அவனைப் பார்த்தபடி இருக்கிறாள். ஒன்றரை மடங்கு வேகத்தில் இது, விளையாட்டு மும்முரத்தில் ஒரு குழந்தை பாட்டியைக் கவனிக்கவில்லை என்று ஓடிப்போகும். சரியான வேகத்தில் பார்த்தால் அந்தப் பதிலுக்காகப் பாட்டியோடு சேர்ந்து நாமும் காத்திருப்போம். பதில் வராது என்று நமக்கே தெரிகிற வரைக்கும் காத்திருப்போம். என் மகள் ரிமோட்டை வாங்கி, இன்னொரு தடவை அந்தக் காட்சியைப் போட்டாள். அப்புறம் முழுப் படத்தையும் முதலிலிருந்து பார்த்தாள்.

இன்னொரு தப்பையும் சொல்ல வேண்டும். இந்தப் படத்தின் சட்டகம் கிட்டத்தட்டச் சதுரம், நாலுக்கு மூன்று அளவு. நம் டிவியோ பதினாறுக்கு ஒன்பது. அதனால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். சிலருக்கு அது பொறுக்காது, ஜூம் போட்டுத் திரையை நிரப்பிவிடுவார்கள். அப்படிச் செய்தால் படத்தின் உயரத்தில் நாலில் ஒரு பங்கு மேலும் கீழுமாக வெட்டுப்படுகிறது. ஓசு கேமராவைத் தரையோடு தரையாக வைத்து, பாயில் உட்கார்ந்திருப்பவர் பார்க்கிற உயரத்திலிருந்து எடுத்தவர். அந்தத் தரையையும் மேலே தலைகளையும் வெட்டிவிட்டால் நாம் பார்ப்பது அவருடைய படமே இல்லை. கறுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும்.

டிவி தானாகச் செய்கிற கெடுதலும் ஒன்று உண்டு. புது டிவி வாங்கிய வாரம் இன்னொரு ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ராஷோமான்' போட்டேன். விறகுவெட்டி கோடரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு காட்டுக்குள் நடந்து போகிறான். ஒளிப்பதிவாளர் மியாகவாவின் கேமரா அவனோடு நகர்ந்துகொண்டே சூரியனை இலைகளின் ஊடே அண்ணாந்து பார்க்கிறது. 1950-இல் எடுத்தது. முன்பு பார்த்தபோது என்னை மூச்சடைக்க வைத்த காட்சி, இந்த டிவியில் செய்தி ஒளிபரப்பு மாதிரி வழவழவென்று ஓடியது. இலை விளிம்புகள் இழுபட்டுக் கலங்கின. பிரதியைச் சரியாகப் புதுப்பிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இரண்டு நாள் புலம்பினேன். கடைசியில் பார்த்தால் டிவியின் அமைப்புதான் காரணம். சினிமா என்பது நொடிக்கு 24 சட்டகம், அதாவது 24 அசையாப் படங்கள். டிவி அந்த 24-க்கு நடுவில் இல்லாத சட்டகங்களைத் தானே கற்பித்துச் செருகி அசைவை வழவழப்பாக்குகிறது. பல டிவிகள் இந்த வசதியைப் போட்ட நிலையிலேயே வீட்டுக்கு வருகின்றன. 2018 டிசம்பரில் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று வீடியோ போட்டே கேட்டுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு, இந்த வழவழப்பை அணைத்துப் படத்தை எடுத்தபடியே காட்டும் 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்ற டிவி அமைப்பு அறிவிக்கப்பட்டது. உங்கள் வாசகர்களில் எத்தனை பேர் டிவி மெனுவுக்குள் போய் இதைப் பார்த்திருப்பார்கள்? தயவுசெய்து இன்று இரவே பாருங்கள்.

இலை வழியே வரும் வெளிச்சம் என்றதும் புதுப் படம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விம் வெண்டர்ஸ் 2023-இல் எடுத்த 'பெர்ஃபெக்ட் டேஸ்'. டோக்கியோவில் பொதுக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்யும் ஒருவரின் நாட்கள். கோஜி யாகுஷோ நடித்திருக்கிறார், கான் திரைப்பட விழாவில் அந்த ஆண்டு சிறந்த நடிகர் விருது அவருக்குத்தான். பகல் இடைவேளையில் அவர் மரத்தை அண்ணாந்து பார்த்து ஃபிலிம் கேமராவில் ஒரு படம் எடுக்கிறார், தினமும். வெண்டர்ஸ் ஓசுவின் பெரிய ரசிகர். இதில் நாயகனின் பெயர் ஹிராயாமா, 'டோக்கியோ ஸ்டோரி' குடும்பத்தின் பெயரும் அதுவே. சட்டகமும் அதே சதுர வாட்டம். இந்த இரண்டையும் அடுத்தடுத்த வாரம் பார்த்தது எங்கள் வீட்டின் மூன்று வருடத்தில் ஆகச் சிறந்த பதினைந்து நாட்கள். பழசு, புதுசு என்று நாம் போடும் கோடு அந்த நாட்களில் அழிந்தே போயிற்று.

கடைசியில் பெயர்ப் பட்டியல் முழுக்க ஓடி முடிந்த பிறகு, 'கொமொரேபி' என்ற ஜப்பானியச் சொல்லுக்கு விளக்கம் திரையில் வருகிறது. காற்றில் இலைகள் ஆடும்போது வெளிச்சமும் நிழலும் சேர்ந்து மினுக்கும் அந்தக் கணத்துக்கான சொல். இரண்டு மணி நேரம் அவர் எதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அங்கே பெயரோடு வந்து நிற்கிறது. என் தங்கை இதைப் பார்க்கவில்லை. அவள் பார்த்த செயலியில் பட்டியல் தொடங்கியதுமே படம் மூலைக்குச் சுருங்கி அடுத்த படத்தின் விளம்பரம் வந்துவிட்டது. படம் முடிந்தது என்று எழுந்துவிட்டாளாம். ஈரானிய இயக்குநர் ஃபர்ஹாதியின் 'எ செபரேஷன்' (2011) இன்னும் மோசமாக அடிபடும். விவாகரத்துக்கு வந்த கணவனும் மனைவியும் நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஆளுக்கொரு பக்கம் காத்திருக்கிறார்கள், உள்ளே மகள் யாரோடு போவது என்று சொல்ல வேண்டும். அந்தக் காத்திருப்பின் மேலேயேதான் பெயர்கள் ஓடுகின்றன. பட்டியலைத் தாண்டினால் படத்தின் முடிவையே தாண்டிவிடுகிறோம்.

வீட்டுத் திரை எல்லாவற்றுக்கும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வில் பாலைவனக் கானல் நீரிலிருந்து ஓமர் ஷெரீப் ஒரு புள்ளியாக வருவார். டிவியில் அந்தப் புள்ளியைத் தேட வேண்டியிருந்தது. 70 மி.மீ. திரைக்காக எடுத்ததைக் கூடத்துச் சுவருக்குள் அடக்க முடியாது. ஆனால் 'ட்வெல்வ் ஆங்ரி மென்' (1957) வீட்டில் ஒரு துளியும் குறையவில்லை. 96 நிமிடம், கிட்டத்தட்ட முழுக்க ஒரே அறை. சிட்னி லூமெட் கேமராவைக் கண்மட்டத்துக்கு மேலே வைத்துத் தொடங்கி, போகப்போகக் கீழே இறக்கிக்கொண்டே வருகிறார். லென்ஸும் மாறிக்கொண்டே போவதால் சுவர்கள் நெருங்கி வருகிற மாதிரி இருக்கும். கடைசிப் பகுதியில் கூரையே தெரிய ஆரம்பிக்கும். நம் அறைக்குள் உட்கார்ந்து அந்த அறையைப் பார்க்கும்போது புழுக்கம் நமக்கும் வந்துவிடுகிறது.

புதுப் படங்கள்மேல் எனக்கு ஒரு தீராத குறை உண்டு. வசனம் காதில் விழுவதில்லை, சத்தத்தைக் கூட்டினால் அடுத்த நொடி வெடிச் சத்தம் காதைப் பிளக்கிறது. தியேட்டரின் பெரிய ஒலிபெருக்கிகளுக்கு ஏற்றபடி கலந்த ஒலி, டிவியின் சின்ன ஒலிபெருக்கியில் திணறுகிறது. தாய்மொழிப் படத்துக்கே வசன வரியைப் போட்டுப் படிக்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்கென்று தனியாக ஒலிக்கலவை செய்து தரலாமே. இது தயாரிப்பவர்கள் செய்ய வேண்டிய வேலை, பார்வையாளரின் பொறுமைமேல் போட முடியாது.

உங்கள் சினிமாப் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு விமர்சனத்தின் அடியிலும் இரண்டு வரி ஒதுக்குங்கள். படத்தின் சட்டக அளவு என்ன, முழு நீளம் எவ்வளவு, பெயர்ப் பட்டியலுக்குப் பிறகு ஏதாவது இருக்கிறதா என்று அச்சிடுங்கள். புதுப் படம் ஒன்றைப் பற்றி எழுதும்போது பக்கத்தில் அதற்கு உறவான பழைய படம் ஒன்றையும் சொல்லுங்கள். முதல் ஜோடியாக 'டோக்கியோ ஸ்டோரி'யையும் 'பெர்ஃபெக்ட் டேஸ்'ஸையும் போட்டால் மிகவும் சந்தோஷப்படுவேன். பழைய படத்தை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி