கொத்தணிக்கு விதைக் கிழங்கே தொடக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்தில் உயிரியல் தொழில்நுட்பக் கொத்தணி (ஆய்வு நிறுவனங்களும் தொழில்களும் விவசாயிகளும் இணைந்து இயங்கும் தொகுதி) என்றதும் காணியும் கட்டடமும்தான் பேச்சாகின்றன. பேராதனைப் பல்கலைக்கழகம், கன்னொறுவை தாவர மரபணு வள நிலையம், தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் என அறிவு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை விவசாயியின் பாத்தியோடு இணைக்கும் கண்ணிதான் பலவீனமாக உள்ளது.

நுவரெலியா உருளைக்கிழங்கையே எடுத்துக்கொள்வோம். வைரசு இல்லாத நாற்றைப் போத்தலில் வளர்க்க, தண்டு நுனியில் வளரும் திசுவை அரை மில்லிமீற்றருக்கும் குறைவாக வெட்ட வேண்டும். பெரிதானால் வைரசும் கூடவே வரும். அது வளரும் ஊட்டக் கூழில் லீற்றருக்கு 30 கிராம் சீனி, கூழை உறையவைக்க 7 முதல் 8 கிராம் அகார். 121 பாகை செல்சியசில் 20 நிமிடம் கிருமிநீக்கம். அதன்பின் 3, 4 வாரத்துக்கு ஒருமுறை கணு வெட்டிப் பெருக்கலாம்.

சறுக்குவது பெரும்பாலும் போத்தலுக்கு வெளியேதான். போத்தலின் ஈரக்காற்றில் வளர்ந்த இலையின் மெழுகுப் படலம் மெல்லியது. மூடியை ஒரேயடியாக எடுத்தால் நாற்று அன்றே வாடும். ஓரிரு வாரங்களில் சிறிது சிறிதாகத் திறக்க வேண்டும். பிறகு அந்த நாற்றில் விதைக் கிழங்கு எடுக்கும் வலைக்கூடத்தில் ஒரு கிழிசல் போதும், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வைரசைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

ஆகவே முதல் பணம் கட்டடத்துக்குப் போகக் கூடாது. ஒவ்வொரு விதைக் கிழங்குத் தொகுதியிலும் வைரசு உள்ளதா என எலைசா (வைரசைக் கண்டறியும் பரிசோதனை) முறையில் சோதிக்கும் பொது ஆய்வுகூடம், மின்வெட்டிலும் நாற்று வளர்க்கும் விளக்கு அணையாதிருக்க மின்பிறப்பாக்கி, தோட்டத்து இளையோருக்குத் தமிழிலேயே செய்முறைப் பயிற்சி ஆகியவற்றுக்கு மாகாண சபை நிதி ஒதுக்கட்டும்.

பயிர் உயிரியல் துறையினர் சிலர்,
நுவரெலியா