வியாழக்கிழமைப் படகு

ரங்கூன்
17 ஆகஸ்ட் 2025

அன்பு மகள் மலருக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். மழை விட்டபாடில்லை, அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. நீ கொடுத்தனுப்பிய தைலம் தீர்ந்துவிட்டது. வேறு வாங்க வேண்டாம், அங்கே காசைச் செலவழிக்காதே. ஆடித் திருவிழாவுக்குத் தம்பி பால்குடம் எடுத்தான். மின்சாரம் வருவதும் போவதும் பழையபடிதான். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இரவெல்லாம் கண்விழித்து அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்காதே.

தம்பி ஒரு விஷயம் சொன்னான். அதைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. உன் வேலை உன் பொறுப்பு, படித்தவள் நீ. நான் அரிசி மில்லில் மூட்டை எண்ணிக் கணக்கு எழுதியவன். வேளைக்குச் சாப்பிடு, கண்விழிக்காதே, இந்த இரண்டையும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

ஏப்ரலில் நீ கடைசியாக என்னிடம் பேசியது வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. மார்ச் 28 நிலநடுக்கம் நடந்து இரண்டு வாரம் இருக்கும். சகாயிங் வட்டாரத்தில் வடக்கு தெற்காக 400 கிலோமீட்டருக்கும் மேலாகத் தரை பிளந்து இரு பக்கமும் எதிரெதிராக நகர்ந்திருக்கிறது, ரேடார் படத்தில் கத்தியால் கீறியது போலத் தெரிகிறது என்றாய். இந்தியாவின் கார்ட்டோசாட் 3 செயற்கைக்கோள் எடுத்த படத்தில் ஆவா பாலம் ஆற்றில் விழுந்து கிடப்பதைப் பார்த்தேன் என்றாய். "எந்தத் தெருவில் எந்தக் கூரை விழுந்தது என்பது வரை தெரிகிறது அப்பா. அதற்கு அடியில் கிடப்பவரை யார் போய் எடுப்பது? படம் பார்த்து என்ன பயன்?" என்று அழுதாய். "அழுதால் கட்டடம் எழுந்துவிடுமா, போய்த் தூங்கு" என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான்கு மாதம். அம்மாவிடம் இரண்டு நிமிடம் பேசுகிறாய், அப்பா எங்கே என்று கேட்பதில்லை. நான் பேசியது தவறுதான். ஆனாலும் மலர், தகப்பன் ஒரு வார்த்தை தவறிப் பேசினால் அதற்கு நான்கு மாதமா? உன் அப்பத்தா என்னைப் பேசாத பேச்சில்லை, ஒரு நாளும் நான் அவரிடம் முகம் திருப்பியதில்லை.

போன வாரம் டீக்கடையில் ஒருவர், ராக்கெட் விடுகிற காசில் ஏழைகளுக்கு அரிசி வாங்கிக் கொடுக்கலாமே என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒடிசாவைச் சொன்னேன். 1999இல் அங்கே அடித்த பெரும்புயலில் சுமார் 10,000 பேர் போனார்கள். 2013 அக்டோபரில் பைலின் புயல் அதே கரைக்கு வந்தது. வானத்திலிருந்து ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்து, எங்கே, எப்போது கரையேறும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஏறக்குறைய 10 லட்சம் பேரை மேட்டு நிலங்களுக்கும் புயல் காப்பகங்களுக்கும் கொண்டுபோனார்கள். இறந்தவர்கள் 50 பேரைக்கூட எட்டவில்லை. அந்த உயிர்களுக்கெல்லாம் மூட்டைக்கு இவ்வளவு என்று விலை போடுவீர்களா என்று கேட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. பேரிடர் என்றால் எந்த நாடானாலும் படத்தைக் காசில்லாமல் கொடுப்பதற்கு விண்வெளி நிறுவனங்கள் 2000ஆம் ஆண்டிலிருந்து ஓர் உடன்படிக்கை வைத்திருப்பதையும் சொன்னேன். எல்லாம் நீ எனக்குச் சொல்லித்தந்தவை. என் மகள் இந்த வேலைதான் செய்கிறாள் என்றேன். செய்கிறாள் என்றுதான் சொன்னேன்.

தம்பிக்கும் இந்தப் பைத்தியம் பிடித்திருக்கிறது. சிறுகோள் ஒன்றின் மேல் டார்ட் என்ற விண்கலத்தை வேண்டுமென்றே மோதவிட்டார்களே, 2022 செப்டம்பர் 26இல், அந்தப் படத்தைப் போனில் காட்டினான். 160 மீட்டர் அகலமுள்ள பாறை. தன்னைவிடப் பெரியதொரு சிறுகோளை அது 11 மணி 55 நிமிடத்தில் சுற்றிவந்துகொண்டிருந்தது. மோதிய பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் குறைந்துவிட்டதாம். பூமிக்கு நேராக ஒரு கல் வந்தால் தள்ளிவிட முடியுமா என்று ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். மனிதன் இதைச் செய்தான் என்பதில் எனக்கு அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் அவன் காட்டியதில் என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. ரஷ்யாவில் செல்யாபின்ஸ்க் என்ற ஊர், 2013 பிப்ரவரி 15. ஒரு வீடு அளவுள்ள கல் சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்ததால் எந்தத் தொலைநோக்கிக்கும் தெரியவில்லை. வானத்தில் பெரிய வெளிச்சம். வேடிக்கை பார்க்க எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். சற்றுப் பொறுத்து அதிர்ச்சி அலை வந்து கண்ணாடிகளை உடைத்தது. சுமார் 1,500 பேருக்குக் காயம். ஒரு பள்ளி ஆசிரியை மட்டும் வெளிச்சத்தைப் பார்த்ததும் வகுப்பிலிருந்த 44 பிள்ளைகளையும் மேசைக்கு அடியில் போகச் சொல்லியிருக்கிறார். ஒரு பிள்ளைக்கும் கண்ணாடி கிழிக்கவில்லை. அவருக்குத்தான் கையில் வெட்டு. அது என்னவென்று அந்த அம்மாளுக்கும் தெரியாது. தான் முட்டாளாகிவிடுவோமோ என்று அவர் ஒரு கணம்கூட நிற்கவில்லை.

இதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன்னை வேளைக்குச் சாப்பிடச் சொல்கிறேன், நான் சாப்பிடவில்லை என்று அம்மா திட்டுகிறாள்.

கல்லூரியில் சேர்ந்த வருடம் நீ கல்பனா 1 என்ற வானிலைச் செயற்கைக்கோளைப் பற்றி எனக்குப் படித்துக் காட்டினாய். 2002இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பப்பட்டது. மறு வருடம் கொலம்பியா விண்கலத்தில் இறந்துபோன கல்பனா சாவ்லாவின் பெயரை அதற்கு வைத்தார்கள். 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இரவும் பகலும் அது வங்கக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது, 2008இல் நம்மை அடித்த நர்கிஸ் புயலையும் பார்த்தது, கரையைக் கடக்க 48 மணி நேரம் இருக்கும்போதே இந்திய வானிலைத் துறை பர்மாவுக்குச் சொல்லிவிட்டது என்று படித்தாய். படித்துவிட்டு, "நமக்குத்தான் யாரும் சொல்லவில்லை, இல்லையா அப்பா?" என்று கேட்டாய். நான் ஆமாம் என்றேன்.

எனக்குத் தெரியும், மலர்.

2008 ஏப்ரல் 30, புதன்கிழமை இரவு. உன் தாத்தாவின் சிற்றலை ரேடியோ. இந்தியக் கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்த புயல் கிழக்கே திரும்பிவிட்டது, பர்மாக் கரையை நோக்கி வருகிறது என்று தமிழ்ச் செய்தியில் தெளிவாகச் சொன்னார்கள். கொரகொரப்பு இருந்தது, காதில் சரியாக விழவில்லை என்று எனக்கு நானே பல வருடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இல்லை. விழுந்தது.

முந்தைய வருடம் ஒரு தடவை புயல் வருகிறது என்று நான் சொல்லப்போய்க் கூலி ஆட்கள் குடும்பத்தோடு பொகலே டவுனுக்குப் போய்விட்டார்கள். தூறல்கூட விழவில்லை. மில் இரண்டு நாள் நின்றது. எல்லோர் முன்னாலும் முதலாளி என்னைக் கோழை என்றார், அந்த மாதச் சம்பளத்தில் பாதியைப் பிடித்தார். அது மனதில் இருந்தது. வெள்ளிக்கிழமை சம்பள நாள், கிட்டங்கி முழுக்க மூட்டை. மறுபடியும் நான் சொல்லி, மறுபடியும் எதுவும் வராவிட்டால்?

அதனால் அம்மாவிடம் மட்டும், சித்தி வீட்டுக் காதுகுத்துக்கு நான்கு நாள் முன்னதாகவே போய் ஒத்தாசையாக இரு என்று சொன்னேன். வியாழக்கிழமைப் படகில் உங்கள் மூவரையும் ஏற்றிவிட்டேன். அப்பத்தா வரமாட்டேன் என்றார், ஆட்டை விட்டுவிட்டு அவர் எங்கேயும் போனதில்லை. படகில் இடம் இருந்தது, மலர். பாதிக்கு மேல் காலியாகத்தான் போனது.

பவானியையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நீ அடம்பிடித்தாய். உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ. காதுகுத்துக்கு அவள் எதற்கு என்று உன்னை அதட்டினேன். அவளைக் கூப்பிட்டால் அவள் அம்மா ஏன் என்று கேட்பாள் என்பதுதான் எனக்கு இருந்த பயம்.

மே 2 சாயங்காலம் காற்று தொடங்கியது. இருட்டிய பிறகு தண்ணீர் வந்தது. ஓடையிலிருந்து ஏறி வரவில்லை, கடலே எழுந்து வந்தது. 12 அடி உயரம் என்று பின்னால் சொன்னார்கள். கரையோரம் முன்பு அலையாத்திக் காடு இருந்த இடமெல்லாம் வயலாகிவிட்டிருந்தது, தடுக்க எதுவும் இல்லை. 1972லிருந்து லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்களை வரிசையாக வைத்து நீ காட்டினாயே, பச்சை தேய்ந்து தேய்ந்து போனதை. அந்த வயல்களின் நெல்லைத்தான் நான் கணக்கெழுதினேன். அப்பத்தாவைப் பிடித்துக்கொண்டு மில்லின் மேல்தட்டுக்கு ஏறியதும் உண்மை, கை நழுவியதும் உண்மை. அதில் நான் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. நாடு முழுவதும் 1,38,000 பேர் இறந்தும் காணாமலும் போனார்கள் என்பது கணக்கு. சனிக்கிழமை காலையில் நான் பார்த்தது நம் வரிசையின் பதினோரு வீடுகள் நின்ற இடத்தில் சில தூண்கள்.

படம் பார்த்து என்ன பயன் என்று கேட்டாய். அந்தப் படம் 36,000 கிலோமீட்டர் இறங்கி வந்து, டெல்லி போய், செய்தியாகி, ஓடைக்கரையில் ஓலை வீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு கணக்குப்பிள்ளையின் காது வரைக்கும் வந்தது. அதனால்தான் நீயும் தம்பியும் அம்மாவும் இருக்கிறீர்கள். நம் வாசலிலிருந்து பவானி வீட்டு வாசலுக்கு முப்பது அடி. அந்த முப்பது அடியை நான் நடக்கவில்லை.

நமக்கு யாரும் சொல்லவில்லை என்ற கோபத்தில்தான் நீ இந்தப் படிப்புக்குப் போனாய். எனக்குத் தெரியும், பெருமையாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பொய்யான காரணத்தைக் கொடுத்து உன்னை அனுப்பியவன் நான். இப்போது வேலையை விடுவதானாலும் தொடர்வதானாலும் நடந்ததைத் தெரிந்துகொண்டு முடிவு செய். விடாதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் இரண்டு மாதத்தில் மறுபடியும் புயல் காலம் வருகிறது. அங்கே உன் நாற்காலியில் வேறு யார் உட்காருவார் என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் நம் ஓடையைப் பார்த்தவராக இருக்கமாட்டார். வேளைக்குச் சாப்பிடு.

கூலிப் புத்தகத்தில் இருந்த வரிசைப்படி அந்தப் பதினோரு வீட்டுப் பெயர்களையும் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். 53 பேர். இரண்டு கைக்குழந்தைகளுக்குப் பெயர் தெரியவில்லை, தகப்பன் பெயரை எழுதியிருக்கிறேன். பவானி மூன்றாவது வரியில் இருக்கிறாள்.

அம்மாவுக்கு இது தெரியாது. முன்கூட்டியே கிளம்பவைத்தது அம்மன்தான் என்று இன்றைக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு வைக்கிறாள். அவளிடம் நான்தான் சொல்ல வேண்டும், நீ சொல்லாதே. பவானியின் மாமா இங்கே ரங்கூனில், தாக்கேட்டாவில் இருக்கிறார், கோயிலில் பார்த்தால் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவார். அவரிடமும் போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குப் போன் என் கையில் இருக்கும். மின்சாரம் போனாலும் தம்பியின் பேட்டரி இருக்கிறது.

அப்பா