பாங்காக்கில் ஓர் ஊஞ்சல்

அன்புள்ள கோபாலா,

நலம். உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? தைலத்தை நம்பாதே, டாக்டரைப் பார்.

போனில் "பாங்காக் எப்படியடா?" என்று கேட்டாய். "பிரமாதம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். உனக்கென்று ஒரு சமாச்சாரம் இருக்கிறது. போனில் சொன்னால் தீராது, அதனால்தான் கடிதம். அறுபத்திரண்டு வயதில் முதல் வெளிநாடு. நாலு நாளில் மற்ற மூன்றும் கடைத்தெருவோடு போயிற்று. முதல் நாளை மட்டும் எழுதுகிறேன்.

காலையில் நானும் சரோஜாவும் அரண்மனைக்குக் கிளம்பினோம். மதில் ஓரம் நடக்கும்போதே, சலவைச் சட்டை போட்ட ஒருவர் சிரித்த முகத்தோடு வந்தார். "இன்று விசேஷ பூஜை, மதியம்தான் திறப்பார்கள். அதுவரை 20 பாத்துக்கு டுக்டுக்கில் ஊரைச் சுற்றுங்கள்" என்றார். ஏறிவிட்டோம். வண்டி நின்ற இடம் ஒரு நகைக்கடை. ஆனால் அவர்களுக்குச் சரோஜாவைத் தெரியாதே! ஒரு மணி நேரம் ஒவ்வொரு நீலக்கல்லாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், இரண்டு காபி குடித்தாள், "டிசைன் சரியில்லை" என்று எழுந்துவிட்டாள். வெளியே வந்தால் டுக்டுக்காரரைக் காணோம். அரண்மனையோ காலையிலிருந்தே திறந்துதான் இருந்திருக்கிறது. இது அங்கே பல வருஷமாக நடக்கிற ஏமாற்று வேலையாம், எங்கள் பெண் அப்புறம் சொல்கிறாள்.

அரண்மனைக்கு ஆளுக்கு 500 பாத். வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே மரகத புத்தர் கோயிலைச் சுற்றிய பிராகாரச் சுவர் முழுக்க ராமாயணம், 178 காட்சிகள். அவர்கள் அதை ராமகியென் என்கிறார்கள். அனுமார் வெள்ளை வெளேரென்று இருக்கிறார். பிரம்மச்சாரியும் இல்லை! சேது கட்டப் போன இடத்தில் ராவணனின் மகளான ஒரு மச்சகன்னியோடு காதல். வழிகாட்டி இதைச் சொன்னதும் சரோஜா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பக்கத்திலேயே வாட் போ என்ற கோயில். சயன புத்தர் 46 மீட்டர் நீளம். மண்டபம் அவருக்குச் சட்டை தைத்தாற்போல் இருப்பதால் எங்கே நின்றாலும் முழுசாகப் பார்க்க முடியாது. தூண்களின் இடைவெளியில் தோள், முழங்கை என்று துண்டு துண்டாகத்தான் தரிசனம். பாதங்களில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்கள். முதுகுப் பக்கம் சுவரோரமாக 108 வெண்கலப் பாத்திரங்கள். கொஞ்சம் பணம் கொடுத்தால் ஒரு கிண்ணம் நிறையச் சல்லிக்காசு தருகிறார்கள், பாத்திரத்துக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். அந்தக் கூடம் முழுக்க டிங், டிங் என்று காசு விழும் சத்தம்தான். கடைசிப் பாத்திரம் வந்தபோது சரோஜா கையில் மூன்று காசு மிச்சம். எந்த மூன்றை விட்டாளோ என்று இரவு வரை புலம்பல். எண்ணிப் போட்டவன் தப்பாக எண்ணியிருப்பான் என்றேன். கேட்கவில்லை.

படகில் அக்கரை போய் வாட் அருணையும் பார்த்தோம். அருணன் பெயரில் கோயில். கோபுரம் முழுக்கச் சீனப் பீங்கான் சில்லுகளால் ஆன பூக்கள். படி செங்குத்து. ஏறிவிட்டேன், இறங்கும்போது உட்கார்ந்து உட்கார்ந்துதான் வந்தேன். இதை வேறு யாரிடமும் சொல்லாதே.

இனிதான் விஷயம். சாயங்காலம் திரும்புகிற வழியில், நடுத்தெருவில் பனைமரத்தையும் மிஞ்சிய உயரத்தில் இரண்டு சிவப்புத் தேக்குத் தூண்கள், மேலே சேர்த்து ஒரு வேலைப்பாடான விட்டம். ராட்சத ஊஞ்சல் என்கிறார்கள். பலகை கிடையாது, சட்டம் மட்டும்தான். 1784-இல் முதலில் நாட்டியது, இப்போது நிற்பது 2007-இல் புதிதாகச் செய்தது. ஒரு காலத்தில் இளைஞர்கள் இதில் வீசி ஆடி, மூங்கில் உச்சியில் தொங்கும் காசுப்பையைப் பல்லால் கவ்வுவார்களாம். விழுந்து செத்தவர்களும் உண்டு. 1935-இல் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

அந்தத் திருவிழாவின் பெயர் என்ன தெரியுமா? த்ரியம்பாவாய், த்ரிபாவாய். திருவெம்பாவை, திருப்பாவை! பக்கத்திலேயே தேவஸ்தான் என்று ஒரு சின்னக் கோயில். சிவன், பிள்ளையார், பெருமாள் மூவருக்கும் தனித்தனிச் சந்நிதி. ஊஞ்சல் நின்றாலும் அரண்மனைப் பிராமணர்கள் அந்த விழாப் பூஜையை இன்னும் அங்கே செய்கிறார்கள். நம் பக்கத்திலிருந்து எப்போதோ போன பாட்டு. அர்த்தம் தேய்ந்து, உச்சரிப்பு மாறி, ஓசை மட்டும் மிஞ்சியிருக்கிறதாம்.

நாங்கள் போனபோது வாசல் சாத்தியிருந்தது. நான் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தேன். மார்கழிக் குளிரில் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு நாம் பஜனைக்குப் போனது நினைவிருக்கிறதா? பொங்கலுக்காகத்தானே போனோம். உனக்கு "எம்பாவாய்" மட்டும்தான் தெரியும். மற்ற வரிக்கெல்லாம் வாயை அசைப்பாய், அது வந்ததும் ஊருக்கே கேட்கக் கத்துவாய். பூசாரி ஒருநாள் உன் தொன்னையில் பாதிதான் வைத்தார். நாலு தெரு தாண்டி உன் குரல் கேட்கிற மாதிரியே இருந்தது. "பூட்டிய கதவைப் பார்த்து என்ன சிரிப்பு?" என்றாள் சரோஜா.

பிள்ளையார் கோயிலில் இப்போதும் பாடுகிறார்களா, இல்லை ஒலிபெருக்கியோடு சரியா? எழுது. மிஞ்சிய மூன்று காசில் ஒன்றை இதோடு ஒட்டியிருக்கிறேன், பேரனிடம் கொடு. சரோஜாவுக்குத் தெரியாது.

உன்,
ராமு