நம் கடற்கரைக்கு நம்மவர்கள் திரும்பிய ஆண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் குப்பத்துப் பஞ்சாயத்தாருக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கம் செய்த வேலைகளை இங்கே சொல்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார் என்பதால் பணக் கணக்குக்குள் நான் போகவில்லை.

சென்ற பொதுக்குழுவில் பலரும் சொன்ன குறை ஒன்றுதான். புதுச்சேரியில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறோம், ஆனால் கடற்கரைக்குப் போவதையே விட்டுவிட்டோம் என்றார்கள். சனி ஞாயிறு ஆனால் வெளியூர்க் கூட்டம் நிறைந்துவிடுகிறது. நம் வீட்டு வாசல்களில் கார்கள் நிற்கின்றன. முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் அந்த நெரிசலில் இறங்கத் தயங்குகிறார்கள், பிள்ளைகளைத் தனியே அனுப்பப் பெண்கள் பயப்படுகிறார்கள். வருகிறவர்களை நாம் குறை சொல்ல முடியாது. சுண்டல் விற்பவரிலிருந்து விடுதி நடத்துபவர் வரை நம் ஊரில் எத்தனையோ குடும்பங்கள் அவர்களால்தான் பிழைக்கின்றன. இருந்தாலும் ஊர்க்காரர்களுக்கும் அந்தக் கரையில் ஒரு நேரம், ஓர் இடம் வேண்டும். இந்த ஆண்டு செய்த எல்லா வேலைக்கும் அதுதான் காரணம்.

முதலில் செவ்வாய் மாலை நடை. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுவதால், அந்த நேரத்துக்குக் காந்தி சிலை அருகே கூடி, தெற்கே டூப்ளே சிலை வரை போய்த் திரும்புகிறோம். சாலையின் முழு நீளமே ஒன்றரை கிலோமீட்டர்தான், யாருக்கும் சிரமமில்லை. நடக்க முடியாதவர்கள் சுவர் மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம். மழைக்காலத்தில் சில வாரங்கள் விட்டுப்போனது. மற்றபடி நன்றாகவே நடந்தது. பல ஆண்டுகளாக வீட்டை விட்டு வராத இரண்டு மூன்று பாட்டிமார்களைப் பேரப்பிள்ளைகள் கைப்பிடித்துக் கூட்டி வந்தது செயற்குழுவுக்கே பெரிய தெம்பைக் கொடுத்தது.

அடுத்தது பெத்தாங்க் என்னும் பிரெஞ்சுக் குண்டு எறியும் ஆட்டம். நம் ஊரில் இந்த ஆட்டத்தைச் சொல்தா வீட்டுப் பெரியவர்கள், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த குடும்பத்தார்தான் காப்பாற்றி வந்தார்கள். நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அதன் பெயர் மட்டும்தான் தெரியும். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அதில் வேலை செய்யும் குப்பத்துத் தம்பிகளுக்கு மாலையில் நேரம் இருந்தது. நம் தெருப் பிள்ளைகளையும் அவர்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கற்றுக்கொடுக்கச் சொன்னோம். அணிக்கு மூன்று பேர், ஆளுக்கு இரண்டு இரும்புக் குண்டு. ஆறிலிருந்து பத்து மீட்டர் தூரத்தில் கிடக்கும் சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் யார் குண்டு நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. முதலில் 13 எடுத்த அணி ஜெயித்தது. பார்க்கச் சுலபம். ஆனால் எதிராளியின் குண்டை அடித்துத் தள்ளுவதா, நம் குண்டை மெல்ல ஒட்ட வைப்பதா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டும். வலை வீசிப் பழகிய கைக்குத் தூரக் கணக்கு எவ்வளவு சீக்கிரம் பிடிபடுகிறது என்பதைப் பார்த்துப் பெரியவர்களே அசந்துபோனார்கள். ஜூலை 14 பிரெஞ்சு தேசிய நாளன்று போட்டி வைத்தோம். பெண்கள் அணியும் இறங்கியது. குண்டுகள் விலை அதிகம். தங்கள் வீட்டில் இருந்த பழைய குண்டுகளைத் தந்து உதவிய குடும்பங்களுக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது.

மணலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இப்போது காந்தி சிலைக்கு வடக்கே பிள்ளைகள் மணலில் வீடு கட்டி விளையாடுகிறார்கள். முப்பது வயதுக்காரர்கள் சிறுவயதில் அங்கே பார்த்தது கருங்கல் மட்டும்தான். சோழகக் காற்று அடிக்கும் மாதங்களில் கரையோர மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். வாடைக் காலத்தில் கொஞ்சம் திரும்பி வரும், ஆனால் மொத்தத்தில் வடக்கே போவதுதான் அதிகம். 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கட்டிய தடுப்புச் சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது, நகரத்துக் கரை கரைந்துபோனது. 2018-இல் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்பில் கடலுக்குள் பெரிய எஃகுத் தடுப்பு ஒன்றை இறக்கிய பிறகுதான் இங்கே மணல் மறுபடி சேர்ந்தது. நமக்கு மணல் கிடைத்துவிட்டது, சரி. வடக்கே பொம்மையார்பாளையம், சின்ன முதலியார்சாவடிப் பக்கம் இன்னும் வீடுகள் வரை அலை வருகிறது. அங்கே நம் உறுப்பினர்களின் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். கடற்கரை முழுவதையும் ஒன்றாகப் பார்த்து வழி செய்ய வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரும் வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.

மணல் வந்ததோடு ஆபத்தும் வந்திருக்கிறது. கால் நனைக்க இறங்கும் இளைஞர்கள் இழுத்துச் செல்லப்படுகிறார்கள். உயிரைப் பணயம் வைத்துக் குதிப்பவர்கள் பெரும்பாலும் குப்பத்துப் பிள்ளைகள். இதற்காகவே மீனவ அண்ணன்மாரைக் கொண்டு நம் பிள்ளைகளுக்குக் கரையிலேயே வகுப்பு எடுக்கச் சொன்னோம். அவர்கள் சொன்னதை எல்லாரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் மட்டும் தண்ணீர் அமைதியாகவும் கலங்கலாகவும் தெரிந்தால், அங்கேதான் இழுவை இருக்கிறது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். காப்பாற்றப் போகிறவர் வெறுங்கையோடு போகாமல் கயிறோ காலிக் கேனோ எடுத்துப் போக வேண்டும். உங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கும் இதைச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லாரும் அனுபவித்தோம். ஒரே நாளில் 46 செ.மீ.-க்கும் மேல் மழை. சங்கத்தின் எல்லா நிகழ்ச்சிகளையும் நிறுத்திவிட்டுச் சமையல், பால், போர்வை என்று இறங்கினோம். அந்த வாரம் பெத்தாங்க் ஆடும் பிள்ளைகள்தான் தெருத் தெருவாகத் தண்ணீரில் நடந்து சாப்பாடு கொடுத்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகு கரையில் ஒதுங்கிய குப்பையை அள்ளவும் அவர்களே வந்தார்கள்.

ஜனவரியில் தமிழகக் கரையோரம் ஏராளமான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியது மனதை வருத்திய செய்தி. முட்டையிட வரும் மாதங்களில் இரவில் கரையில் டார்ச் அடிக்க வேண்டாம், தடம் தெரிந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள் என்று அறிவிப்புப் பலகை வைத்தோம்.

மார்ச் 12 மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் தீர்த்தவாரிக்கு மயிலம் முருகன் உள்ளிட்ட சாமிகளோடு வந்த கூட்டத்துக்கு நீர்மோர்ப் பந்தல் போட்டோம். இந்த முறை பெண்கள் உடை மாற்றத் தென்னங்கீற்றுத் தடுப்பும் கட்டினோம். அதைப் பாராட்டியவர்கள்தான் அதிகம். அடுத்த ஆண்டு இரண்டாகக் கட்ட வேண்டும்.

நடக்காமல் போனவையும் உண்டு. கடற்கரையில் பெண்களுக்குக் கூடுதல் கழிப்பறை கேட்டு எழுதிய கடிதங்களுக்கு இன்னும் பதில் இல்லை. தெருக்களில் வண்டி நிறுத்தும் பிரச்சினையும் தீரவில்லை. இவை இரண்டையும், மாலை நடைக்கு இன்னொரு நாளைச் சேர்ப்பது பற்றியும் இன்று விவாதிக்கத் தீர்மானங்களாக வைத்திருக்கிறோம்.

ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி கூறி, இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்