பாலியைக் காட்டி எங்கள் கூத்தை வெட்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இதழில் ஒரு அன்பர், அம்மன் கோயில்களில் ஆடும் காத்தவராயன் கூத்தை ஒரு மணித்தியாலமாகச் சுருக்கி உல்லாசப் பயணிகளுக்குக் காட்டினால் கலைஞர்களுக்கு நாலு காசு கிடைக்கும், பாலித்தீவில் முகமூடி நாடகத்தை அப்படித்தானே வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். காசு கிடைக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பாலியை உதாரணம் காட்டுவதென்றால் முழுப் பாலியையும் காட்ட வேண்டும்.

அங்கே பத்துபுலான் என்ற ஊரில் ரிக்கெற் எடுத்துப் பார்க்கும் பாரோங் ஆட்டம் இருப்பது உண்மைதான். பாரோங் என்ற காவல் மிருகமும் தொங்கும் நாக்கோடு ராங்டா என்ற சூனியக்காரியும் மோதி, ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்துவிடும். அங்கே ஆடுவது பொதுவாக அதற்கென்றே செய்த முகமூடிகள். கோயில் முகங்கள் வேறு. நாள் பார்த்து, மரத்துக்குப் படையல் வைத்துத்தான் ஏழிலைப்பாலையில் கட்டை எடுப்பார்கள். செதுக்கி வர்ணம் பூசியபின் உயிரேற்றும் சடங்கு. பிறகு துணி சுற்றிக் கோயிலில் வைத்து, 210 நாளுக்கு ஒருமுறை பூசையும் செய்கிறார்கள்.

அப்புறம், தோப்பேங் என்ற முகமூடி ஆட்டம் பற்றி அன்பர் ஒரு வரிகூட எழுதவில்லை. அதில் ஒரு வகையில் எல்லாப் பாத்திரமும் ஒரே ஆள்தான்: மந்திரி, கிழவர், அரசன், கோமாளி என்று ஒவ்வொரு முகமாகத் திரைக்குப் பின்னால் மாற்றி மாற்றி வருவார். முழு முகத்துக்குப் பேச்சில்லை (உள்ளே இருக்கும் தோல் துண்டைப் பல்லால் கடித்தல்லவா பிடிக்கிறார், எப்படிப் பேசுவது!), பாதி முகம் போட்டு வரும்போதுதான் கதை சொல்வதும் ஊர்ப் புதினம் சொல்லிச் சிரிக்க வைப்பதும். கடைசியாக வருவது சிதகார்யா என்ற பாத்திரம். வெள்ளை முகம், இடுங்கிய கண், வெளியே தள்ளிய பல். அரிசியும் சில்லறையும் வீசி, சிதறி ஓடும் பிள்ளைகளில் ஒன்றை எட்டிப் பிடித்துத் தூக்குவார். அவர் வந்து ஆடாமல் சடங்கு நிறைவேறியதாகக் கணக்கில்லை. இவ்வளவும் நடக்கையில் பக்கத்தில் பூசகர் மணியடித்து மந்திரம் சொல்லிக்கொண்டிருப்பார், பெண்கள் படையலோடு போய்வருவார்கள், பாதிச் சனம் ஆட்டத்தின் பக்கம் திரும்புவதுகூட இல்லை.

உல்லாசப் பயணிகள் பெருகியபோது பாலிக்காரர் சும்மா இருக்கவில்லை. 1971இல் தலைநகர் தென்பசாரில் கூடி, ஆட்டங்களைக் கோயிலுக்குள் ஆடவேண்டியது, சடங்கோடு துணைக்கு ஆடுவது, பார்த்து ரசிக்க மட்டும் ஆடுவது என்று மூன்றாகப் பிரித்தார்கள். 2015இல் பாலி ஆட்டங்கள் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும் இந்த மூன்று வகையாகத்தான். அந்தக் கோட்டினை யாருமே தாண்டவில்லை என்று சொல்ல வரவில்லை, ஆனால் கோடு ஒன்று போட்டார்கள்.

நாங்கள் போட்டோமா? காத்தவராயனில் நேர்த்தி வைத்து ஆட வருகிறவர்கள் எத்தனை பேர்! இரவிரவாக ஆடி, விடியப்புறம் காத்தான் கழுமரம் ஏறும்போது சனம் எழுந்து நின்று கும்பிடுகிறது. அதை எந்த ஒரு மணித்தியாலத்துக்குள் அடைக்கப் போகிறார்கள்?

மண்டபத்தில் ஆடுவதற்கென்று தனியாக ஒரு சின்னக் கூத்தைப் பழக்கட்டும், நானும் ரிக்கெற் எடுத்து வந்து பார்க்கிறேன். கோயில் இரவில் மட்டும் கை வைக்க வேண்டாம். இதைப் பற்றி எங்காவது கூட்டம் வைத்தால் அதிகாரிகளை மட்டும் முன்வரிசையில் இருத்தாமல், கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரையும் கூப்பிட்டுப் பேச விடுங்கள்.

இப்படிக்கு,
கூத்துப் பார்க்கும் வாசகர்,
வட்டுக்கோட்டை.